ஓட்டை விடாமல் கட்டிய மதில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சுவிஸில் ஊஸ்டர் நகரில் நடந்தது. கார்த்திகை மாதம். நான் பராமரிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், வடிகாலை அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தேன். நான் அங்கே ஹவுஸ்வார்ட், அதாவது கட்டடப் பராமரிப்பாளர். மழைத்தண்ணீர் எங்கேயும் தேங்கக்கூடாது என்று பார்ப்பதும் என் வேலைதான். அப்போது ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அதைச் சொல்வதற்கு முன் என் மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள தீவுகளில் ஒன்றுதான் எங்கள் ஊர். அங்கே எனக்கு ஒரு வெறுங்காணி உண்டு. இங்குள்ள நம்மவர்களுக்கு ஊர்க்காணி என்றால் ஒரு பயம். ஆளில்லாத காணியின் வேலியைப் பக்கத்துக்காரர் தள்ளிப் போட்டுவிடுவார்களாம். அதனால் ஆளாளுக்கு மதில் கட்டினோம். பிறந்தநாள் விழாக்களில் பிள்ளைகளின் படத்துக்கு அடுத்தபடியாக மதிலின் படத்தைத்தான் காட்டிக்கொள்வோம். நானும் அந்த வருடம் கோடையில் பழைய ஓலைவேலியைப் பிடுங்கிவிட்டு, ஆள் உயரத்துக்கு மதில் கட்டச் சொன்னேன்.

மேசன் நல்ல மனிதர். நான் சொல்லாமலே மதிலின் அடியில் இரண்டு இடத்தில் ஓட்டை விட்டிருந்தார். அதை வீடியோவில் பார்த்ததும் எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. உடனே அடைக்கச் சொன்னேன். அன்று மாலையே பக்கத்துக் காணியில் இருந்த பெண் எனக்கு அழைத்தார். கணவர் இல்லை. ஒரே மகளுடன் அங்கே மண்வீட்டில் இருந்தார்.

"அண்ணை, மாரி வெள்ளம் உங்கட காணிக்குள்ளாலைதான் கடலுக்கு ஓடுறது. அந்த ரெண்டு ஓட்டையையும் விடச் சொல்லுங்கோ."

"இண்டைக்கு ஓட்டை எண்டுவியள், நாளைக்குப் பாதை எண்டுவியள். மதிலிலை ஆரும் கை வைச்சால் நான் பொலிசுக்குப் போவன், தங்கச்சி" என்றேன்.

சரி அண்ணை என்று வைத்துவிட்டார். நான் பெரிதாக ஏதோ வென்றுவிட்டதாக நினைத்து, மனைவியிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருட மாரியைப் போல ஒரு மழையைத் தாங்கள் கண்டதில்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். விடாமல் நாலு நாள் கொட்டியது. முதலில் சொன்ன அந்த வீடியோவை எடுத்தவன் என் மச்சான். மதிலுக்கு ஒரு பக்கம், ஆளில்லாத என் காணியில், புல் நனைந்து கிடந்தது, அவ்வளவுதான். மறுபக்கம் இடுப்பளவு தண்ணீர். அதற்குள் அந்தப் பெண்ணும் மகளும் தலையில் புத்தகப் பையும் பானையுமாக நின்றார்கள். மகளுக்கு அடுத்த மாதம் சோதனை.

இலை கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் போட்டுவிட்டு மேசனுக்கு அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மச்சானுக்கு அழைத்தேன். அதுவும் இல்லை. "உடையுங்கோ, உடையுங்கோ" என்று குரல்பதிவு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது அடுத்த நாள் மத்தியானம். அதற்குள் அவர்களுடைய வீட்டின் பின்சுவர் ஊறி விழுந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள்.

ஒரு கிழமை கழித்து அவரோடு கதைக்கக் கிடைத்தது. மன்னிப்புக் கேட்க அழைத்த நான், கேட்காமல் அவரையே குறை சொன்னேன். "வெள்ளம் ஏற ஏற ஏன் பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்? நீங்களாவது உடைச்சிருக்கலாமே?"

"அயலிலை பெடியள் மதிலை உடைக்க அலவாங்கோடை வந்தவங்கள் அண்ணை. நான்தான் மறிச்சனான். கை வைச்சால் பொலிசுக்குப் போவன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பொம்பிளைப் பிள்ளையோடை நான் எங்கை அலையிறது?"

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

வீட்டைக் கட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் அண்ணை என்றார். சோதனையை மகள் எழுதவில்லை என்று பிறகு மச்சான் சொன்னான். தை பிறந்ததும் இருவரும் கிளிநொச்சியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரும்பவில்லை. போன வருடம் நான் ஊருக்குப் போய், மதிலை நானே நின்று இடிப்பித்தேன். பக்கத்துக் காணியில் பற்றை வளர்ந்திருந்தது. வெள்ளம் போக வழி திறந்தபோது, அதனால் பயன்பெற அங்கே ஒருவரும் இல்லை.

என் காணியில் ஓர் அங்குலமும் குறையவில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, வெள்ளத்தைவிட என்னுடைய ஒரு சொல்லுக்கு அதிகம் பயந்தாள் என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வெட்கமாக இருக்கிறது.