மேட்னி ஷோவில் ஸ்டெல்லாவின் அப்பா

போன வாரம் திரைப்பட விழாவில் ஒரு படம் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை, அதுவும் நம் ராயபுரத்தில் நடக்கிறது என்றார்கள். சும்மா இருப்பேனா? முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வரிசையில் நின்று இடம் பிடித்தேன். படத்தில் எல்லாரும் மூச்சுக்கு மூன்று 'இன்னா' போட்டார்கள். கடைசியில் பதினேழு வயது நாயகி மழையில் நனைந்தபடி, 'உன்னாலதான் என் கனவே போச்சு' என்று அப்பாவைப் பார்த்து ஐந்து நிமிடம் கத்தினாள். பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொட்டாவி வந்தது. கூடவே ஸ்டெல்லா ஞாபகமும் வந்துவிட்டது.

ஸ்டெல்லா என்னோடு பிளஸ் டூ படித்தவள். கடலை ஒட்டிய கடைசித் தெருவில் வீடு. அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. விடியும்போது தூக்குச்சட்டியோடு கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வருவார். கணக்கில் வகுப்புக்கே அவள்தான் முதல். அவள் நோட்டைப் பார்த்து எழுதியே பாஸான ஆசாமி நான்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம், வீட்டுக்குத் தெரியாமல், யூனிபார்மோடு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தியேட்டருக்கு மேட்னி போனோம். விழா நடந்த இடத்தில் வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை மட்டும்தான். அந்தத் தியேட்டரிலோ வறுத்த கடலை, பீடி, கதவு திறக்கும்போதெல்லாம் கருவாட்டுக் காற்று. படம் அன்றைக்கும் சுமார்தான். கல்லூரி மாணவனாக வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். ஸ்டெல்லா என் கையை அழுத்திப் பிடித்தாள். மூன்று வரிசைக்கு முன்னால், தூக்குச்சட்டியை மடியில் வைத்து, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அவள் அப்பா.

"செத்தோம்டி, ஓடிரலாம் வா" என்றேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அவள் அசையவில்லை. சமோசா விற்க வந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, அவுரு அடிக்கடி வருவாரா?"

"அந்த அண்ணனா? ஒரு மாசமா டெய்லி வந்துகினு கீறாரும்மா. இதே படத்ததான் பாத்துகினு கீறாரு."

மூட்டைகளுக்குப் பதில் கிரேன் தூக்கும் கன்டெய்னர் பெட்டிகள் வந்து, துறைமுகத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. விளக்கு அணைந்ததும் வெளியே வந்தோம். "எங்கம்மா கையில கூட சொல்லிடாத" என்றாள்.

தனியாக என் வீட்டுக்குப் போகப் பயந்து அவள் வீட்டிலேயே இருந்தேன். பொழுது சாய்ந்ததும் அவர் வந்தார், தினமும் போலவே.

"இன்னா நைனா, வேலை எப்டி?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"செம லோடு. இடுப்பு கயண்டுட்ச்சு."

"சுடுதண்ணி வெச்சிகீறேன், குளி."

ரிசல்ட் வந்தது. கணக்கில் பள்ளிக்கே அவள்தான் முதல். அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தையும் நான்தான் வாங்கிப் போனேன். அப்பா எதிரிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தாள். "எனுக்குப் படிப்பு ஏறல நைனா. தையல் கம்பெனிக்குப் போறேன்."

"நான் மூட்ட தூக்கி சாவுறேன், ஒனுக்குப் படிக்க வலிக்குதா?" தெருவே கேட்கக் கத்தினார். நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. அவள் தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மார்க்கையாவது நான் சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எம்.கே.பி. நகர் தையல் கம்பெனிக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாப்பில் கல்லூரிக்குக் கிளம்பி நிற்கும் என்னைப் பார்த்தால், "இன்னிக்கு இன்னாடி நடத்துனாங்க?" என்று கேட்பாள். நான் பாதி சொல்வதற்குள் பஸ் வந்துவிடும். பிறகு துறைமுகச் சாலையை அகலப்படுத்தினார்கள். கடைசித் தெரு முழுசும் போயிற்று. அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். மாத்தூர் வரை விசாரித்துப் பார்த்துவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்ல ஆள் இல்லை.

அப்பா அன்றைக்கு அப்படிக் கத்தினாரே, அவள் எதற்காகப் பொய் சொல்கிறாள் என்பது தெரிந்துதான் கத்தினாரா? அதைக் கேட்க எனக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான்.