பூந்தமல்லியில் மூடிய கால்வாய்

பூந்தமல்லி கடைத்தெருக் குளத்தைப் புதுப்பித்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க நல்ல இடம் என்று பேச்சு அடிபடுகிறது. போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் முதலில் போனது இந்த வருஷம், 1995 ஐப்பசியில். ஊர் சுற்றப் போகவில்லை. குளத்தை ஒட்டிய தெருவில்தான் என் அக்கா ஜெயசீலியைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மழை பிடித்தும் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள். குளத்தில் தண்ணீர் நின்றால்தான் அவள் வீட்டுக் கிணறு ஊறும். இல்லாவிட்டால் தெருமுனைக்குப் போய் லாரித் தண்ணீர் பிடிக்க வேண்டும். அக்காவுக்கு ஏழாம் மாதம். குடம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீடு அண்ணனூரில். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போகிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு. காலை ஆராதனை முடிந்ததும் கிளம்பினேன். அண்ணனூரிலிருந்து மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷனே ஆவடி. அங்கிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி பஸ், சுமார் பத்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்து ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதி கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டரே கடைசியில் கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, மீதிய எனக்கு மொய் எழுதிட்டியா?"

எங்கே போகிறேன் என்று கேட்டார். குளத்தாண்ட என்றேன்.

"புதுசா கட்னாங்களே, அதுவா? சும்மா பார்க்கு மேறி கீது. போட்டோ புடிச்சா சோக்கா இருக்கும். தண்ணிய மட்டும் தேடாத."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது.

கடைத்தெரு முனையில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் குளம். உள்ளதைச் சொல்லவேண்டும், கரை அழகாக இருக்கிறது. பழைய கல்படிகளை மாற்றாமல், சரிந்ததை மட்டும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் நடைபாதை, கல் பெஞ்சு, புங்கங்கன்று, புல்தரை. முன்பு லாரிகள் நின்ற இடத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். வாசலில் 'இயற்கையோடு இணைந்த நகர மையம்' என்று பெரிய பலகை. அதன் பக்கத்திலேயே ஒரு போர்வெல். மழையில்லாத நாளில் புல்லுக்கு அதிலிருந்துதான் தண்ணீர் விடுகிறார்களாம். நாலைந்து நாள் மழை பெய்த பிறகும் குளத்தின் நடுவில் ஒரு எருமை படுக்கிற அளவுக்குத்தான் ஈரம் இருந்தது.

காரணத்தை அக்கா வீட்டில் தெரிந்துகொண்டேன். மாமா, அதாவது அக்கா புருஷன், குளக்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அந்த இடத்தில் இரண்டு கால்வாய்கள். ஒன்று கடைத்தெருவில் விழுகிற மழைத் தண்ணீரைக் குளத்தின் மேற்கு மூலையில் கொண்டுவந்து விடுவது. மழைக்காலம் தவிர மற்ற நாளில் காய்ந்து கிடக்கும். இன்னொன்று மார்க்கெட்டுக்குப் பின்னால் கழிவு ஓடுவது, வருஷம் முழுக்க நாறும். ஊர் வாயில் இரண்டுக்கும் ஒரே பெயர்: கால்வா.

திட்டம் போட்டவர்கள் வெயில் காலத்தில் வந்து அளந்திருக்கிறார்கள். குப்பை கிடந்த மழைக் கால்வாயைக் காட்டி இது என்ன என்று கேட்க, கால்வா என்று பதில் வந்திருக்கிறது. கழிவுநீர் என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு ஷாமியானா போட்டுக் கூட்டம் நடத்தி, கால்வாயை மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நாறுறத மூடப்போறாங்கன்னு நெனச்சிகினேன். நான்தான் மொதல்ல கைய தூக்கினேன்," என்றார் மாமா.

"கைய தூக்கினல்ல, இப்ப கொடத்த தூக்கு," என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படம் வரைந்தார்கள். குளத்தைச் சீர்படுத்த வந்தவர்களில் ஒருவருக்காவது, இதற்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லையே. ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தால் போதும். நம் ஜனங்களையும் சொல்லவேண்டும். எந்தக் கால்வாய் என்று ஒருத்தரும் கேட்காமல் கைதட்டி அனுப்பியிருக்கிறார்கள். மார்க்கெட் கால்வாய் இன்றைக்கும் திறந்துதான் கிடக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது மழை பிடித்தது. நானும் மாமாவும் மேற்கு மூலைக்குப் போனோம். கடைத்தெருவிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் திமுதிமுவென்று வந்து, கால்வாய் வாயை அடைத்து மூடிய பலகைக்கல்லில் முட்டி, திரும்பி, நாறுகிற கால்வாயில் போய் விழுந்தது. திட்டத்து மேற்பார்வையாளர் குடையோடு நின்றிருந்தார். நான் முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன்.

"சார், இது சாக்கடை இல்ல. மழைத் தண்ணி. குளத்துக்குப் போவேண்டியது."

அவர் குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"எழுதிக் குடும்மா. அடுத்த கூட்டத்துல வெக்கலாம்."

"அது எப்ப சார்?"

"தை கழிச்சு."

தை கழித்து மழை எங்கே இருக்கும்? அக்கா பிள்ளை பெற்று, பிள்ளைத் துணி அலசத் தண்ணீர் தேடிக்கொண்டிருப்பாள். இதை மாமாவையும் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். திரும்பினால் மாமாவைக் காணோம். கடையிலிருந்து கடப்பாரையோடு வந்தார்.

"யோவ், என்னய்யா பண்ற?"

"மூடச் சொல்லி மொதல்ல கைய தூக்கினவன் நான்தான் சார். இப்ப எறக்கிக்கிறேன்."

கடப்பாரை இறங்கியது. இரண்டு நெம்பில் பலகைக்கல் ஒன்று பெயர்ந்தது. மேற்பார்வையாளர் மழையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். தண்ணீர் குளத்துக்குள் இறங்கும் சத்தம் கேட்டு அக்கா வாசல்வரை வந்து நின்றாள். குப்பை உள்ளே போகாமலிருக்க மாமா ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைக் கம்பிகளோடு கொண்டுவந்து அந்தச் சந்தில் செருகினார்.

நேற்றும் போய் வந்தேன். கிணற்றில் தண்ணீர் ஏறி, கயிற்றில் மூன்று முழம் மிச்சமாகிறது.

நீங்களும் போங்கள். வெயில் சாய்ந்த பிறகு போனால் பெஞ்சில் உட்காரலாம், மழை நாளில் போனால் குளத்தையே பார்க்கலாம். செருப்பு வழுக்கும், படியில் பார்த்து இறங்குங்கள். மேற்கு மூலையில் ஒரு கல் பெயர்ந்து, ஒரு சைக்கிள் சக்கரம் துருத்திக்கொண்டிருக்கும். அத்தனை அழகுக்கு நடுவில் அசிங்கமாகத்தான் தெரியும். உடைந்து கிடக்கிறதே என்று யாரிடமும் புகார் சொல்லிவிடாதீர்கள். கம்பியில் குப்பை மாட்டியிருந்தால் மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.