ம் கொட்ட ஓர் ஆள்

ஃப்ரிட்ஜின் தலையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அம்மா எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் குள்ளம்; அம்மாவின் மார்பு உயரத்துக்குத்தான் வரும். மேலே இருந்த பிரட் டப்பா, மாத்திரைக் கூடை, அப்பாவின் வண்டிச் சாவி எல்லாம் சுவரோரம் தள்ளப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் அடுப்பில் பால், மறு பக்கம் தாளில் கட்டுரை. எது முதலில் பொங்கும் என்று சொல்ல முடியாது. வேலை பார்க்கும் ஊரிலிருந்து சனிக்கிழமை விடிகாலையில் வந்து இறங்கும்போதெல்லாம் அம்மாவை நான் இந்தக் கோலத்தில்தான் பார்க்கிறேன்.

“மேஜை எதுக்கும்மா இருக்கு? உட்கார்ந்து எழுதேன்.”

“உட்கார்ந்தா தூங்கிடுவேன்டி. நின்னாதான் எனக்கு வாக்கியம் வரும்.”

வாக்கியம் வருகிறதோ இல்லையோ, எழுத்து ஆடுகிறது. ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓடும்போது எழுதிய வரிகளுக்குக் குளிர் ஜுரம். மோட்டார் நின்ற பிறகு எழுதியவை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். “கை நடுக்கம் ஏதாவது இருக்காம்மா? டாக்டரைப் பாருங்களேன்” என்று கல்லூரியில் வாத்தியார் அக்கறையாக விசாரித்திருக்கிறார். “டாக்டர்கிட்டதான் சார் வேலையே பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பொய்யில்லை. பகல் முழுக்க அம்மாவுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலை. சாயங்காலம் அங்கிருந்து நேராகக் கல்லூரி. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் முதலாம் ஆண்டு மாணவி! வகுப்பில் பாதிப் பேருக்கு அவளுடைய மகள் வயதுகூட இருக்காது.

அம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய ‘ம்’மிலிருந்துதான் தொடங்க வேண்டும். பல்வலிக்காரர்கள் நாள் கேட்கத்தான் போன் செய்கிறார்கள். ஆனால் நாளை மட்டும் கேட்டுவிட்டு வைப்பவர் யாருமில்லை. எந்தப் பக்கத்துப் பல், எப்போது ஆரம்பித்தது, மருமகள் என்ன சொன்னாள் என்று ஊர்க்கதையெல்லாம் வரும். அம்மா ம் கொட்டுவாள். வலி தாங்காமல் அழுபவருக்கு நீளமான ஒரு ம். சாக்குச் சொல்லி நாளைத் தள்ளிப்போடும் பயந்தாங்கொள்ளிக்கு மூக்கால் ஒரு குட்டி ம். பீஸ் அதிகம் என்று சண்டை போடுபவருக்கு ஏறி இறங்குகிற ஒரு ம்; ‘நான் என்னங்க பண்ணுவேன்’ என்று அதற்கு அர்த்தம்.

“ம் நின்னுச்சுன்னா ஜனங்க பயந்துடுவாங்கடி. ‘ஹலோ ஹலோ, லைன்ல இருக்கீங்களா’ன்னு கத்துவாங்க. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சாதான் பேச்சே வரும்.”

இத்தனை பேருடைய கதையைக் கேட்டவளுக்குத் திடீரென்று எதற்குக் கல்லூரி? நானும் கேட்டேன். “நாள் முழுக்க அடுத்தவங்க சொல்றதைக் கேட்டாச்சு. நானும் ஏதாவது சொல்லணும்டி. வாயால சொன்னா உங்கப்பா நடுவுல பேசுவாரு. எழுதினா யாரும் குறுக்கே பேச மாட்டாங்க இல்ல?”

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். குறுக்கே பேசுவதில் மன்னன் என்பது உண்மைதான். “உங்கம்மா காலேஜ் சேர்ந்ததுல இருந்து வீட்ல சண்டைகூட முன்னுரையோடதான் ஆரம்பிக்குது. முடிவுரை மட்டும் வந்தபாடில்லை” என்பார். ஆனால் கல்லூரி வாசலில் வேனோடு காத்திருந்து அவளை அழைத்து வருவதும் அவரேதான்.

கட்டுரை அம்மாவுக்கு லேசில் வசப்படவில்லை. முதல் கட்டுரை தண்ணீரைப் பற்றி. ‘தண்ணீரின் இன்றியமையாமை குறித்து இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்’ என்று ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது கட்டுரை பயணத்தைப் பற்றி. அதிலும் காண்போம். எதைக் கொடுத்தாலும் காண்போம். நீங்களும் பள்ளிக்கூடத்தில் எழுதியவர்கள்தானே, மறைக்க வேண்டாம். வாத்தியாருக்கு மீசை வருவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிற வயது. அம்மா அவருக்கு வைத்திருக்கும் பெயர் குட்டி சார். குட்டி சார் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துப் பக்கத்தில் ‘யார் காண்போம்?’ என்று எழுதிவிட்டார்.

அன்றைக்கு அம்மா தாளைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “யார் காண்போமா? இது என்ன கேள்வி? நானும் படிக்கிறவரும்தான்! ஒரு மனுஷரை மரியாதையாக் கூடச் சேர்த்துக்கிட்டா, நீ யாருன்னு கேக்கறாரே!”

வகுப்புப் பெண்கள் விடுவார்களா? அவளுக்குக் ‘காண்போம் அக்கா’ என்று பெயராகிவிட்டது. அம்மாவுக்கு அதில் கோபமே இல்லை. வகுப்பு முடிந்து “வர்றோம்க்கா” என்று அவர்கள் கிளம்பினால், வேனின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “காண்போம்!” என்று கத்துவாள்.

உண்மையில் அந்தக் காண்போம் என்னுடையது. நான் பள்ளியில் படித்தபோது சாயங்காலங்களில் அம்மா கட்டிலின் மேல் போர்வையை நான்காக மடித்துப் போட்டு என் சீருடைக்கு இஸ்திரி போடுவாள். நான் தரையில் உட்கார்ந்து கட்டுரை வாசிப்பேன். ஈரத்துணியில் பெட்டி இறங்கும்போது சுஸ் என்று ஒரு சத்தம், ஆவி வாசனை, மேலேயிருந்து ஒரு ‘ம்’. நான் மேலே வாசிப்பேன். அந்த ம் வராவிட்டால் எனக்கு அடுத்த வரி ஓடாது. ஒருமுறை ‘மரங்கள் மனிதனின் நண்பர்கள்’ என்று வாசித்தேன். சுஸ் வந்தது, ம் வரவில்லை.

“என்னம்மா? தப்பா?”

“தெரியலைடி. ம் வரலை, அவ்வளவுதான்.”

எனக்குப் பொல்லாத கோபம். அந்த வரியை அடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் எங்கள் தலைக்கு மேலே இலை உதிர்க்கும் மரத்தைப் பற்றி வேண்டுமென்றே கிறுக்குத்தனமாக நாலு வரி எழுதி வாசித்தேன். மேலேயிருந்து நீளமாக ஒரு ‘ம்ம்ம்’ வந்தது. திரும்பிப் பார்த்தால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அலுவலகத்தில் ஓர் அறிக்கை எழுதினால்கூட என் காது அந்தச் சத்தத்தைத்தான் தேடுகிறது. அந்தச் சாயங்காலங்கள் போல இனி எனக்கு ஒன்று வராது. அதை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா கல்லூரியில் சேர்ந்தபோது நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். காலையில் நான் பல் துலக்குவேன். அவள் குளியலறை வாசலில் தாளோடு நிற்பாள். வாய் நிறைய நுரையோடு நான் ம் கொட்டுவேன். “நல்லாக் கொட்டுடி, துப்பற மாதிரி கொட்டாத” என்று அதிலும் குற்றம் கண்டுபிடிப்பாள். ஆனால் வரிகள் மளமளவென்று வந்தன. தேர்வில் வெளுத்து வாங்குவாள் என்று நினைத்தோம்.

தேர்வில் அரைப் பக்கம்கூட எழுதவில்லை. தோற்றுவிட்டாள்.

“ஹால்ல ஒரே அமைதிடி. ஒரு வரி எழுதினேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? அப்படியே உட்கார்ந்துட்டேன்.”

அந்தத் தாளில் தேறாமல் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. “அதுவும் போச்சுன்னா காலேஜுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுடறேன். போன் எடுக்கிறவ போன் எடுத்துக்கிட்டே இருக்கலாம்” என்றாள். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா எத்தனை முறை வம்புக்கு இழுத்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பா பயந்துபோய், தானே எழுந்து பாத்திரம் கழுவினார்.

போதாக்குறைக்கு அந்தச் சமயத்தில்தான் எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ம் கொட்டுகிற ஆளும் போயாயிற்று. போனில் முயற்சி செய்தோம். ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துவாள். நான் இங்கே ம் என்றால் அது அங்கே தாமதமாகப் போய்ச் சேரும்.

“உன் ம் வந்து சேர்றதுக்குள்ள எனக்குச் சந்தேகம் வந்துடுதுடி. விடு, நான் பார்த்துக்கறேன்.”

அப்பாவைக் கேட்டுப் பார்த்தாளாம். முதல் வரிக்கு ம் என்றார். இரண்டாவது வரிக்கு, “அது அப்படி இல்ல, நான் சொல்றேன் கேளு” என்று ஆரம்பித்துவிட்டார். அதோடு அவருக்கும் விடுதலை கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் அம்மா மேஜையை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் இன்னொரு விநோதமும் தொடங்கியது. நான் வந்து போகும் நாட்களில் மட்டும் ஃப்ரிட்ஜ் வேலை செய்வதில்லை. ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர், பால் திரிந்து போகும். “நீ வந்தாலே இதுக்கு என்னமோ ஆகுதும்மா” என்று அப்பா மெக்கானிக்கைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் திறந்து பார்த்து, தட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது தேர்வில் வந்த தலைப்பு: ‘உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலை’. அம்மா பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறாள். நடுவில் கண்காணிப்பாளர் அம்மாள் ஓடிவந்து, “என்னம்மா, உடம்பு ஏதாவது முடியலையா? முனகறீங்களே?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்லைங்க, எனக்கு நானே ம் கொட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து எழுதினாளாம். சுற்றி இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கத் தாளால் முகத்தை மூடிக்கொண்டார்களாம்.

முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரி போனிலிருந்தே கூப்பிட்டாள். “பாஸ்டி! காண்போம் ஒண்ணுகூட இல்லை!” எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

“குட்டி சார் என்ன சொன்னாரு?”

“கேள்விதான் கேட்டாரு. ‘எதிர்ல ஒருத்தரை உட்கார வெச்சுப் பேசற மாதிரி இருக்கே, யார்கிட்டம்மா சொன்னீங்க’ன்னாரு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்கிட்டன்னு சொன்னேன். நம்பலை.”

“ஃப்ரிட்ஜ்கிட்டயா?”

“பின்ன? நீ போனப்புறம் இந்த வீட்ல வேற யாருடி ம் கொட்டறாங்க? மோட்டார் ஓட ஆரம்பிச்சா ‘ம்ம்ம்’னு கேட்டுக்கிட்டே இருக்கும். பாவம், குறுக்கே பேசவே பேசாது. ஹால்லயும் அதை நினைச்சுக்கிட்டுத்தான் எழுதினேன். சரி வை, வேற லைன் வருது.”

வைத்துவிட்டாள். ஒரு ம் கொட்டக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

போன சனிக்கிழமை விடிகாலையில் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டின் முதல் கட்டுரை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பேனாவும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, செருப்பை உதறி, தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“வந்துட்டியா? காபி ஃப்ளாஸ்க்குல இருக்கு” என்றாள், திரும்பாமல்.

பிறகு தாளைக் கையில் எடுத்தாள். பேனாவைக் காதில் செருகினாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.