சால்ட் லேக் வீடும் ஆடிக் கடலையும்

மண் வாசனை என்று யாராவது உருக ஆரம்பித்தால் எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிணற்றுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த மண்ணுக்கு என்ன வாசனை என்று எனக்குத் தெரியும். ஆட்டுப் புழுக்கை, அழுகின வெங்காயம், பூச்சி மருந்து, வியர்வை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு நேராகக் கடலைக் காட்டில் களை எடுக்க இறங்க வேண்டும். மழை பெய்தாலும் அப்பா திட்டுவார், பெய்யாவிட்டாலும் திட்டுவார். வானத்தைத் திட்டிப் பிரயோசனமில்லை என்று எங்களைத் திட்டினார் போலிருக்கிறது.

கல்கத்தா மாப்பிள்ளை என்றதும் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நான் தலையாட்டியதற்கு இதுதான் காரணம். கிடர்பூரில் மாமியார் வீட்டுக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. இறைக்க வேண்டாம், சுமக்க வேண்டாம். புருஷன்மேல் பிரியம் வரக் கொஞ்ச நாள் பிடித்தது. குழாய்மேல் அன்றைக்கே வந்துவிட்டது.

எனக்கும் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. தொண்ணூறுகளில் சால்ட் லேக்கில் மூன்றாவது மாடியில் சொந்த வீடு வாங்கினோம். மண் என்று பார்த்தால் அந்த வீட்டில் துளசித் தொட்டியில் இருந்தது மட்டும்தான். அதற்கும் வேலைக்கு வரும் மாஷிதான் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலமானால் பால்கனியில் உட்கார்ந்து பௌதி என்று நான் அழைக்கும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவோடு ஊர்வம்பு பேசுவேன். ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சாகிறவரை அங்கேயே இருப்பது என்று தீர்மானித்திருந்தேன்.

என் கணவருக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவர் கிடர்பூரிலேயே பிறந்தவர். துறைமுக அலுவலகத்தில் சரக்குக் காகிதங்களுக்கு முத்திரை குத்தியே காலத்தை ஓட்டியவர். வயலை அவர் பார்த்ததெல்லாம் சென்னைக்குப் போகிற ரயிலின் ஜன்னல் வழியாக, அதுவும் தூங்காமல் இருந்த நேரத்தில். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். பிரிவுபசாரத்தில் போட்ட மாலையைக் கழற்றிய கையோடு மனிதர் விவசாயி ஆகிவிட்டார்.

"உனக்கு அது ரத்தத்துலயே இருக்கு. திரும்பப் போனா எவ்வளவு சந்தோஷமா இருப்பே, ஷோனோ, சொல்றதைக் கேளு."

"என் ரத்தத்துல சர்க்கரைதான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கேட்கிற ஆளா அவர்? கூட வேலை பார்த்த, தாதா என்று அவர் அழைக்கும் ஒரு வங்காளி அண்ணனுக்கு, கல்கத்தாவுக்குத் தெற்கே பாருய்பூர் தாண்டிக் கொஞ்சம் நிலமும், அதிலேயே ஓடு வேய்ந்த ஒரு வீடும் சும்மா கிடந்தன. விற்கவும் அவர் தயார். ஆனால் அதை வாங்க சால்ட் லேக் வீட்டை விற்றாக வேண்டும். வீட்டில் என் பங்கும் இருந்ததால் நான் கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது. கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையே இல்லாமல் குடித்தனம் நடந்தது. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். தாதாவிடம் கேட்டு அங்கே போய்த் தங்கி ஒரே ஒரு பயிர் வைத்துப் பார்ப்பது. பயிர் நின்றால் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே இருந்துவிட வேண்டும். பயிர் அழிந்துபோனால் திரும்பி வந்துவிட வேண்டும், அப்புறம் ஜென்மத்துக்கும் விவசாயம் என்ற பேச்சை எடுக்கக் கூடாது. நான் சம்மதித்தேன். அவர் கையில் பயிர் பிழைக்காது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

என் நம்பிக்கையை அவர் வீணாக்கவில்லை. என்ன போடலாம் என்று ஊரில் இருந்த என் அண்ணனுக்குப் போன் செய்து கேட்டார். "ஆடி பொறந்ததும் கடலையப் போட்ருங்க மாப்ள, கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்" என்றான் அவன். அவன் இருப்பது செம்மண் பூமி. அங்கே ஆடியில் நாலு தூறல் விழுந்தாலே பெரிய விஷயம், அந்த ஈரம் கடலைக்குப் போதும். வங்காளத்திலோ ஆடி என்றால் வானம் பிளந்துகொள்ளும் காலம். நாங்கள் போய்த் தங்கிய இடத்தில் சுற்றிலும் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நெல் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் அதே மாதத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து ஆபீஸ் போனவர் என் கணவர். ஆனாலும் மச்சான் சொல்லிவிட்டார் அல்லவா? தமிழ் நாள்காட்டியில் ஆடி பிறந்த அன்று, குளித்து, விபூதி பூசி, கடலை விதைத்தார்.

அடுத்த வயல்காரம்மா வரப்பில் வந்து நின்று என்னைக் கேட்டாள். "உங்க வீட்டு தாதா என்ன போடுறார்?"

"சீனாபாதாம்" என்றேன். கடலைக்கு அங்கே அதுதான் பெயர்.

"இந்த மழையிலயா?"

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? கடலைச் செடி தேங்கின தண்ணீரில் நின்றால் வேர் அழுகிச் செத்துவிடும். அது அழுகினால் எனக்கு வீடு மிச்சம். மனசுக்குள் பால்கனியில் நாற்காலியைக்கூடப் போட்டுவிட்டேன்.

போதாத காலம், சில நாள் மழை ஏமாற்றியது. கடலை முளைத்துவிட்டது. அவர் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துப் பூரித்துப் போனார். வீட்டுத் தரகரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று காலை ரயிலில் கிளம்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்ட ஆரம்பித்தது. தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிறது, ரயில் இல்லை, சால்ட் லேக்கிலேயே தங்கிவிடுகிறேன் என்று பிற்பகலில் போன் செய்தார்.

"செடி எப்படி இருக்கு?" என்றார் கடைசியாக. குரல் கம்மியிருந்தது.

"நனையுது" என்றேன்.

ஒரு தட்டில் முரி என்கிற அரிசிப் பொரியும் ஒரு தம்ளர் டீயும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். வயலின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் தேங்கி, மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது. முதல் வரிசை மூழ்கியது. இரண்டாம் வரிசையில் குட்டி இலைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

எனக்கு எரிச்சல் வந்தது. தாழ்ந்த மூலையில் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் தண்ணீர் பின்பக்கத்து வாய்க்காலுக்கு ஓடிவிடும். குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம். அதைச் செய்யாமல் விதைத்துவிட்டுத் தரகரைப் பார்க்கப் போயிருக்கிறார் மகாராஜா. டீ ஆறிப்போயிற்று. முரி நமுத்துப்போயிற்று. மூன்றாம் வரிசை மூழ்க ஆரம்பித்தபோது நான் எழுந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு மழையில் நின்றேன்.

வெட்டும்போது அவரைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன், வருண பகவானையும் விடவில்லை. மறந்தே போனதாக நினைத்திருந்த ஒட்டன்சத்திரத்துக் கெட்ட வார்த்தைகள் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. மறுநாளும் மழை. வெட்டின இடம் தூர்ந்துபோக, மறுபடி வெட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ரயில் ஓட ஆரம்பித்ததும் அவர் வந்தார். வயல் குளமாகியிருக்கும் என்று தயாராகத்தான் வந்திருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. செடிகள் கொஞ்சம் வெளுத்துப்போய், ஆனால் நின்றுகொண்டிருந்தன. வாயெல்லாம் பல்லாக வரப்பில் ஓடினார். பிறகு நான் வெட்டிய வடிகால் கண்ணில் பட்டது. அதையே பார்த்தபடி நின்றார். திரும்பி என் கையைப் பார்த்தார், கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

"சும்மா உட்காந்திருந்தா வீடு உனக்குத்தானே?" என்றார் மெதுவாக.

"அது எனக்குத் தெரியாதா? சாகுற பயிரைப் பாத்துக்கிட்டு டீ குடிக்க நான் என்ன கல்கத்தாவுலயா பொறந்தேன்?"

கல்கத்தாவில் பிறந்தவர் குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். "தரகரை வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். நான் ம் என்று சொல்லியிருந்தால் போதும்.

"வந்தா நீங்க பேசிக்குங்க. எனக்கு நேரமில்ல. வெயில் அடிச்சா களை கிளம்பிடும், உடனே எடுக்கணும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் வீட்டை விற்றுவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. எந்தக் காட்டிலிருந்து தப்பித்து ஓடினேனோ, அதற்குள் யாரும் தள்ளாமல் நானே நடந்து வந்திருந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நடுவுல நிக்காதீங்க, செடியை மிதிக்கிறீங்க" என்றேன்.