கண்ணாடி ஏறும் நேரம்

பொங்கியண்ணனின் காரில் கதவுக் கண்ணாடி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த, வெளியே நிற்பவர் உள்ளங்கை இரண்டையும் கண்ணாடியில் பதித்து மேலே தள்ள வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் ஏறும். அதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். "மொதலாளி காருக்கு ஹெல்ப்பர் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்குது" என்று கட்டிங் மாஸ்டர் பெருமாள்சாமி அவர் காதில் விழும்படியே சொல்வார். பொங்கியண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

ஊத்துக்குளிப் பக்கம் எருமை கட்டிப் பால் ஊற்றிய குடும்பம் அவருடையது. முதலிபாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நாலு தையல் மெஷினோடு பனியன் கம்பெனி தொடங்கி, இரண்டு தையல் லைன், ஐம்பது ஆள் என்று வளர்ந்திருந்தார். காரும் ஓர் எக்ஸ்போர்ட்டர் ஓட்டிச் சலித்துக் கைமாற்றியதுதான். வந்த நாளிலிருந்தே கண்ணாடி அப்படித்தான். மோட்டாரை ஒருமுறை மாற்றியும் பார்த்தார். இரண்டு மாதம் தாங்கியது. அப்புறம் யாரும் அதைக் கோளாறாக நினைக்கவில்லை. கண்ணாடி ஏறத் தொடங்கினால் பக்கத்தில் யார் நின்றாலும் கை தானாகப் போகும். தைத்த பீஸ் ஏற்றி இறக்கும் வேன்காரர்கள், செக்கிங் பெண்கள், டிப்டாப்பாக வரும் ஏஜென்ட் கூட ஒருநாள் தள்ளிவிட்டுப் போனார்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் வெளிநாட்டு ஆர்டர் பாதிக்குப் பாதி நின்றுபோனது. ஒரு லைனை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. இருபத்திரண்டு பேரின் பெயரை அவரேதான் எழுதினார். எழுதும்போதே தெரிந்தது, சீனியம்மாளும் அவள் மகள் அபிராமியும் இரண்டு பேருமே அதில் இருக்கிறார்கள் என்று. சீனியம்மாள் ராமநாதபுரத்துக்காரி. பதினொரு வருடமாகச் செக்கிங். ஊசி விட்ட ஒற்றை ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மகள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருத்தி பெயரை அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனவர், அடித்தால் மற்றவர்கள் கேட்பார்களே என்று விட்டுவிட்டார்.

பட்டியலையும் அவர் வாசிக்கவில்லை. சூப்பர்வைசர் தண்டாயுதபாணியை வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் சாம்பிள் பனியன் ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் காரை எடுத்துக் கேட் வரைக்கும் வந்தபோது சீனியம்மாள் ஓட்டுநர் பக்கம் வந்து நின்றாள். கண்ணாடி இறங்கியிருந்தது. பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு பத்துப் பதினைந்து பேர்.

"மொதலாளி, வீட்ல ரெண்டு பேரையும் நிப்பாட்டிட்டீக. ஒராளையாச்சும் வச்சுக்கங்க. நானோ அவளோ, யாரா இருந்தாலும் சரித்தேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பார்க்கலாம் சீனியம்மா என்று ஒரு வார்த்தை போதும். அதே வார்த்தையைப் பின்னால் நிற்பவர்களும் தங்களுக்குக் கேட்பார்கள் என்று தோன்றியது. விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

கண்ணாடி முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியது. பொங்கியண்ணன் கேட்டையே பார்த்தார். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது தெரிந்தது. கால்வாசி, அரைவாசி. பிறகு சட்டென்று கண்ணாடி இலகுவாக ஏறியது. திரும்பிப் பார்த்தார். சீனியம்மாள் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். வளையல் உரசிக் கோடு விழாமல் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மேல் ரப்பரில் கண்ணாடி போய் உட்கார்ந்ததும் கையை எடுத்து, கார் போக வழிவிட்டு ஒதுங்கினாள்.

அவள் கண்ணாடியில் ஓங்கி இரண்டு தட்டு தட்டியிருந்தால் அவர் அதற்கு ஒரு கோபமாவது பட்டிருக்கலாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக வீரபாண்டி ரோட்டிலிருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மருதாசலத்திடம் காரை விட்டார். இத்தனை வருடம் இல்லாமல் இன்றைக்கென்ன அவசரம் என்று மருதாசலம் கேட்டதற்கு, சாயப்பட்டறைத் தண்ணி வாடை உள்ளே வருகிறது என்றார். பாதி உண்மை. இன்னொரு தடவை யார் முகத்துக்கு எதிரிலும் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது.

மருதாசலம் கதவின் உள்பலகையைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"மோட்டார் நல்லா இருக்குதுங்க. பேட்டரில பன்னெண்டரை வோல்ட்டு. சாவி, சுவிட்ச்சு எல்லாம் சுத்தி, இந்த நூலாட்டம் ஒயர்ல வந்து சேர்றது ஒம்பது. கெணத்துல தண்ணி இருக்குதுங்க, வாய்க்கால்தான் சன்னம்."

அதற்குமேல் விவசாயி மகனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயர் ஒன்றை நேராக இழுத்து, ஏற ஒரு ரிலே சுவிட்ச், இறங்க ஒரு ரிலே சுவிட்ச் என்று ஒவ்வொரு கதவுக்கும் வைத்தார் மருதாசலம். பழைய ஒயர் இனி ரிலேக்குச் சேதி சொல்ல மட்டும். பளு முழுக்கப் புதிய ஒயருக்கு. மாலையில் பொத்தானைத் தொட்டதும் கண்ணாடி மூன்று எண்ணுவதற்குள் ஏறி நின்றது. மருதாசலம் பெருமையோடு பார்த்தார். பொங்கியண்ணன் நன்றாக இருக்கிறது என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை. அன்றைக்கு இதே வேகம் இருந்திருந்தால் அவள் கைவைக்க நேரமிருந்திருக்காது, தான் செய்தது இன்னதென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு சீனியம்மாள் குடியிருக்கும் லைன்வீட்டுச் சந்துக்குக் காரை விட்டார். சத்தம் கேட்டு அவளே வந்தாள், சோப்பு நுரைக் கையை முந்தானையில் துடைத்தபடி. அவர் கண்ணாடியை இறக்கி, ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றிருப்பதாகச் சொன்னார். அபிராமி வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். அப்படியானால் தான் வருவதாகச் சொன்னாள். திங்கட்கிழமையே வரட்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

கிளம்பும்போது பொத்தானை அழுத்தினார். அவள் கைகள் வழக்கம்போல எழுந்தன. தொடுவதற்குள் கண்ணாடி மேலே போய்விட்டது. கைகள் காற்றில் நிற்க, அவள் சிரித்து என்னவோ சொன்னாள். மறுபடியும் இறக்கி என்னவென்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. சரி பண்ணிட்டீக போல. நல்லதாப் போச்சுன்னேன்."

வீட்டில் மனைவி சாரதாமணி பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். கேட்டில் நடந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி முடித்தார். மத்தை நிறுத்தாமலே கேட்டாள்:

"ஏனுங்க, எறங்கி அவ ஊட்டுக்குப் போனீங்களா?"

"கார்ல இருந்தே பேசுனேன்."

"கார் கதவு ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்களே?"

திங்கட்கிழமை தன் அறையிலிருந்து எழுந்து செக்கிங் மேசைக்கு நடந்தே போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டு போனார். "சீனியம்மா, அன்னிக்கு கேட்டுல..." என்று ஆரம்பித்தார். மெஷின் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை. முதலாளி குறை கண்டுபிடித்துத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கையிலிருந்த பீசை உதறி அவர் முன்னால் நீட்டினாள்.

"சுத்தமா இருக்கு மொதலாளி. நீங்களே பாருங்க."

பொங்கியண்ணன் அதை வாங்கி, டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, தையல் தையலாகப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. "செரி" என்று திருப்பிக் கொடுத்தார்.