துணைக்கு வந்தவள்

துணைக்குப் போவதுதான் அவளுக்குத் தொழில். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளிலிருந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அதனால் துணையக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

மாதம் தவறாமல் மாடிவீட்டம்மாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி, ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் கண்ணை விரிக்கிற சொட்டு மருந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை எல்லாமே மங்கல்தான், வெயில் பட்டால் கூசும். அந்த நேரத்துக்குத்தான் துணையக்கா. முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "படி இருக்கும்மா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வருவாள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாளோ, கணக்கே இல்லை. தனக்கு யாராவது ஒருதரம் அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று அவளுக்குள் ஓர் ஏக்கம் கிடந்தது.

ஏனென்றால் அவளுக்கும் சர்க்கரைதான். வலது கண்ணில் கொசு பறப்பதுபோல ஏதோ மிதக்கத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. ஒருநாள் துணிந்து பதிவு மேசையில் கேட்டுவிட்டாள்.

"காட்டலாம்க்கா. ஆனா சொட்டு விட்டா தனியா அனுப்ப மாட்டோம். உங்களுக்குத் துணைக்கு யாரு வருவாங்க?" என்றாள் அங்கே இருந்த பெண்.

துணையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் வேறு ஊரில் மூட்டை தூக்குகிறான். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் அவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான். தெருவிலிருப்பவர்கள் எல்லாரும் விடிந்தால் வேலைக்கு ஓடுகிறவர்கள். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றால், அந்தக் கூலி ஆளே இவள்தான், போங்கள். அதோடு, கண் தெரியாத துணையை யார் கூப்பிடுவார்கள்? வாயைத் திறந்தால் பிழைப்பில் மண் விழும்.

மகன் போன் செய்யும்போதெல்லாம், 'நான் வர்றேம்மா, போய்க் காட்டிட்டு வரலாம்' என்று அவனாகச் சொல்லிவிட மாட்டானா என்று காத்திருப்பாள். அவனோ, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்பான்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பாள். போனை வைத்துவிட்டு அழுவாள்.

அந்த மாதம் ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்ற வாடகைக் காரிலிருந்து இறங்கியதும், எதிரே இருந்த நடைபாதை மேட்டை அவள் கவனிக்கவில்லை. கால் இடறி முன்னால் சாய்ந்தவளை மாடிவீட்டம்மாதான் இழுத்து நிறுத்தினார்.

"ரெண்டு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கேன். நீ என்னைக் கூட்டிட்டுப் போகல, என்னைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற. கண்ணு தெரியலையா உனக்கு?"

அந்த அம்மா அவளை நேரே பதிவு மேசைக்கு அழைத்துப்போனார்.

"என் ஊசியை நாளைக்குப் போட்டுக்கறேன். இன்னிக்கு இவளைப் பாருங்க. துணைக்கு நான் இருக்கேன்."

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வலது கண் போனது போனதுதான், இடது கண்ணையாவது லேசர் வைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்களை மாசாமாசம் இங்க பாக்கறேனே. முன்னாடியே காட்டியிருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாமே?"

"நான் துணைக்குத்தானே டாக்டர் வந்தேன்."

மாடிவீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு மாதமாகத் தெரிந்தும் அவர் கேட்கவில்லை. இவளைப்போல இன்னொரு ஆள் கிடைப்பது கஷ்டம்.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. மாடிவீட்டம்மா அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். அவருக்கும் பார்வை அரைகுறைதான்.

"படி இருக்கு, பாத்து" என்றார்.

அங்கே படி இல்லை. அந்த வாசலின் ஒவ்வொரு அங்குலமும் துணையக்காவுக்கு மனப்பாடம். இருந்தாலும் அவள் காலைத் தூக்கித்தான் வைத்தாள்.