பரோனேசா சட்டை கழற்றிய கதை

ஓஸ்மரீனா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஜுருனாஸ் பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அத்தனையும் புளுகு. நடந்தது இதுதான். நிச்சயமான மாப்பிள்ளை, படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், ஒரு நாள் மீசையைத் தடவிக்கொண்டு, "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் பாம்பு இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். ஓஸ்மரீனா உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "நீங்க எலி பிடிப்பீங்களா?" என்று கேட்டாள். மனுஷன் அன்றைக்குப் போனவர்தான்.

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் தையல்காரி. ஜூன் திருவிழாவில் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்களே, அந்தக் கூட்டத்துக்கெல்லாம் சாட்டின் பாவாடையும் வெல்வெட் கோட்டும் அவள் கையால்தான். பெலேம் நகரத்து ஆற்றங்கரை எலிகளுக்கோ சாட்டின் என்றால் உயிர். ஒரு மழைக்காலத்தில், கூரை ஓட்டுச் சந்திலிருந்து தொப்பென்று ஒரு ஜிபோயா பாம்பு விழுந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு மேலே இருக்கும். விஷம் கிடையாது, கோபம் கிடையாது, அவசரம் சுத்தமாகக் கிடையாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு எலி வாலைக்கூட யாரும் பார்க்கவில்லை. தையல் மெஷின் மேல் அது தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, 'சீமாட்டி' என்ற அர்த்தத்தில் பரோனேசா என்று பெயர் வைத்தாள். காலையில் முதல் வணக்கம் அவளுக்குத்தான், ராத்திரி கடைசிப் புலம்பலும் அவளிடம்தான். பதில் பேசாமல் கேட்கிற ஆள் கிடைப்பது லேசா என்ன?

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்துக்குள் ஏசி வந்தது.

திருவிழா ஆட்டத்தில் கல்யாணப்பெண் வேஷம் போடுகிற ஒருத்தியின் வெள்ளை சாட்டின் மீது ஓஸ்மரீனாவின் நெற்றி வியர்வை சொட்டிக் கறையாகிவிட்டது. அந்தப் பெண் போட்ட கூச்சல் அக்கரைத் தீவு வரைக்கும் கேட்டது. ஓஸ்மரீனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏசி வாங்கினாள், ஜன்னலையெல்லாம் அடைத்தாள், காலையிலிருந்து இரவு வரை ஓடவிட்டாள். பேட்டையே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து உட்கார ஆரம்பித்தது. கொல்லைப்புறத்தில் தகரக்கூரைக்குக் கீழே கிடந்த பரோனேசாவைப் பார்த்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. "நான் மட்டும் குளுகுளுன்னு இருந்துகிட்டு உன்னை வேக விடுவேனா? வாடி என் ராசாத்தி, இனிமே நீயும் ஆபீசர்தான்" என்று தூக்கி வந்து அலமாரி மேல் மெத்தை போட்டுப் படுக்க வைத்தாள்.

முன்பெல்லாம் பரோனேசா சட்டை உரிப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கொய்யா மரத்துப் பட்டையில் மூக்கைத் தேய்ப்பாள், நீளக் காலுறையைச் சுருட்டிக் கழற்றுவது போல முழுசாகக் கழற்றி மரத்திலேயே தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஏசி வந்த பிறகு உரித்த சட்டை அப்பளத்தை நொறுக்கினாற்போலத் துண்டு துண்டாக வந்தது. கண்ணின் மேலே இருக்கிற மெல்லிய மூடி இரண்டும் வராமல் அங்கேயே ஒட்டிக்கொண்டன. அடுத்த தடவை அதுவும் இல்லை. உதட்டோரம் வெடித்து, கழுத்துக்குக் காலர் வைத்தது போலச் சுருண்டு, அதோடு நின்றுவிட்டது. பழைய மூடிக்கு அடியில் இன்னொரு மூடி. பரோனேசாவுக்குக் கண் தெரியவில்லை. மெஷின் காலில் முட்டிக்கொண்டாள், கதவென்று நினைத்துச் சுவரில் நுழையப் பார்த்தாள், மூக்குக்கு நேரே எலியை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓஸ்மரீனாவுக்கும் சோறு இறங்கவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சட்டை தைத்துப் போடுகிறவள், தன் வீட்டுப் பிள்ளையின் சட்டையைக் கழற்ற வழி தெரியாமல் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். கண் போய்விடுமோ, பட்டினி கிடந்தே செத்துப்போவாளோ என்று பயந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க ஓடினாள்.

மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டர் இங்க்ரிட் தெற்கே குளிர் ஊரான குரிட்டிபாவிலிருந்து புதிதாக வந்தவள். பாம்பை மடியில் போட்டுப் பக்குவமாகத் தடவிப் பார்த்தாள்.

"காத்து வறண்டு போச்சும்மா. அதான் தோல் உரியல. ஒரு பெட்டியில ஈரத்துணியோ ஈரச் சாக்கோ போட்டு, அதுக்குள்ள ஒரு ராத்திரி விடுங்க. கண்ணு மேல இருக்குறத மட்டும் பிச்சு எடுத்துடாதீங்க, கண்ணே போயிடும்."

ஓஸ்மரீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "டாக்டரம்மா, நீங்க ஊருக்குப் புதுசு. இது பெலேம். தினம் சாயங்காலம் மழை கொட்டுற ஊரு. வரேன்னு சொல்றவங்கள நாங்க மணி கேக்குறதில்ல, மழைக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான் கேப்போம். எங்க ஊர்ல ரொட்டி நமுத்துப்போகும், செருப்புல காளான் மொளைக்கும், தீக்குச்சி அழும். இங்க காத்து வறண்டுச்சாம்! வேற யாருகிட்டயாவது சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

"உங்க ஊரு ஈரந்தாம்மா. உங்க ரூமு?" என்றாள் இங்க்ரிட்.

யார் காதில் விழுந்தது? ஓஸ்மரீனா பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். குளிரில் பிறந்த பெண்ணுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும் என்று வழிநெடுகப் பொருமினாள்.

அடுத்த வீட்டு டோராலிசி வாசலிலேயே காத்திருந்தாள். ஆற்றங்கரைச் சந்தையில் மூலிகை விற்கிறவள். இவளுக்குத் தெரியாத வியாதி கிடையாது, தீர்ந்த வியாதி எது என்று மட்டும் கேட்கக் கூடாது.

"டாக்டருக்கு என்னடி தெரியும்? இது கண்ணேறு. பேட்டையே வந்து ஏசியில உக்காந்து, இதையே வெறிச்சு வெறிச்சுப் பாத்துதே! உன் ஏசி மேல வச்ச கண்ணுதான் இவ மேல விழுந்திருக்கு."

"அதுல முக்கால்வாசி நேரம் உக்காந்திருந்தது நீதானே?"

"என் கண்ணு நல்ல கண்ணு. பேச்சை மாத்தாத. ஜூன் திருவிழா, சாவோ ஜோவாவோ பண்டிகை வருது, வாசனைக் குளியல் போட்டுடலாம். பண்டிகைக்கு முந்தின நாள்தான் போடணும், ஆனா அன்னிக்கு எனக்குச் சந்தையில ஒரே நெரிசலா இருக்கும். அதனால ஒரு நாள் முன்னாடியே போட்டுடுவோம்."

"முன்னாடி போட்டாப் பலிக்குமா?"

"பாம்புக்கு எப்படித் தேதி தெரியும்?"

இந்த வாதத்தில் ஓஸ்மரீனாவுக்கு ஒரு ஓட்டையும் தென்படவில்லை. அந்த ஊரில் ஜூன் மாதம் வந்தால் குடும்பம் குடும்பமாக மூலிகைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். அதிர்ஷ்டம் வரும், பிரிந்த காதலன் வருவான், போன வேலை திரும்பும். பாம்புக்கு ஊற்றியதாக மட்டும் இதுவரைக்கும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மழைக்கு முன்னால் என்று பேச்சு. டோராலிசி மறுநாள் சந்தைக்கான கூடையோடு வந்து கொல்லையில் இறக்கினாள். மூலிகைக் கட்டுகள் வாடாமலிருக்க மேலே நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தியிருந்தாள். பச்சோலியும் துளசி மாதிரியான ஏதேதோ இலைகளும் வேர்களும் கசக்கிப் போட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் கலக்கினார்கள். பரோனேசாவை உள்ளே இறக்கினார்கள். அவள் ஒரு பெரிய பெருமூச்சு விட்டாள்.

"பாத்தியா, கெட்ட காத்து வெளிய போகுது!" என்றாள் டோராலிசி.

"நீ போட்ட நாத்தத்துல மூச்சு முட்டுதுடி அவளுக்கு!"

"நாத்தமா? சந்தையில இதுக்கு அடிச்சுக்கிறாங்க, இது நாத்தமா?"

"மூணு பேருக்கு ஊத்துறத ஒருத்திக்கு ஊத்தியிருக்க!"

"நீளம் மூணு பேர் நீளம் இருக்காளே, அப்ப எவ்வளவு ஊத்துறது?"

இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். கொய்யா மரத்தில் இருந்த குருவிகள் பறந்துபோயின. மழை சடசடவென்று பிடித்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் தொட்டியில் பரோனேசா இல்லை.

ஐயோ, பாவம் ஓஸ்மரீனா! மழையில் நனைந்துகொண்டே மரத்தைப் பார்த்தாள், சாக்கடையைப் பார்த்தாள், தகரக்கூரையைப் பார்த்தாள். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், தேடுகிற அவசரத்தில் தொட்டியைத் தட்டிவிட்டதில் வீடு, கொல்லை, அவள் பாவாடை, டோராலிசியின் தலைமுடி என்று எல்லாமே பச்சோலி வாசனை அடித்தது. மழை விட்டதும் டோராலிசி கூடையைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். "மழைத்தண்ணி குடிச்சு என்ன கனம் கனக்குது பாரு" என்று முனகிக்கொண்டே போனாள். அன்று இரவு ஓஸ்மரீனா தூங்கவில்லை. கண் தெரியாத பிள்ளையை மழையில் விரட்டிவிட்டோமே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது.

"ஓஸ்மரீனா! ஓடி வாடி! உன் சீமாட்டி என் கூடையில உக்காந்து வியாபாரத்தக் கவனிச்சுகிட்டு இருக்கா!"

"உயிரோடயா?"

"உயிரோடதான்! எனக்குத்தான் பாதி உயிர் போயிடுச்சு! ஒரு கிழவனுக்கு இலை எடுக்கக் கைய விட்டேன், என்னமோ வழவழன்னுச்சு!"

ஓஸ்மரீனா வீட்டைப் பூட்டினாளா என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரனை மறித்து ஏறினாள். இரவு உடை, தலை முழுக்க முடி சுருட்டும் உருளைகள், ஒரு காலில் நீலச் செருப்பு, மறு காலில் சிவப்புச் செருப்பு. பண்டிகைக்கு முந்தின நாள் ஆற்றங்கரைச் சந்தையில் எள் போட்டால் எள் விழாது. ஆனால் டோராலிசியின் கடையைச் சுற்றி மட்டும் நல்ல இடைவெளி விட்டு வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் ஈரச் சாக்குக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பரோனேசா. புதுசாகச் சாயம் போட்டது போல உடம்பு பளபளத்தது. பக்கத்தில் இலைகளுக்கு நடுவே கழற்றிப் போட்ட சட்டை கிடந்தது.

ஓஸ்மரீனா முதலில் சட்டையைத்தான் எடுத்தாள். தொழில் புத்தி எங்கே போகும்? தலையிலிருந்து வால் வரை விரித்துப் பார்த்தாள். ஒரு கிழிசல் இல்லை. முகத்தருகே கண்ணாடிப் பொத்தான் மாதிரி வட்டமாக இரண்டு மூடிகள், அவற்றின் மேலேயே பழைய மூடிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அப்புறம்தான் தைரியம் வந்து நிமிர்ந்தாள்.

பரோனேசா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிவான, கறுப்புக் கோடு போட்ட இரண்டு கண்கள். நாக்கை இரண்டு தடவை நீட்டி முகர்ந்தாள். கூடையை விட்டு மெதுவாக இறங்கி, கூட்டத்தில் இருந்த அத்தனை கால்களையும் விட்டுவிட்டு, ஒரு நீலச் செருப்பும் ஒரு சிவப்புச் செருப்பும் இருந்த கால்களைத் தேடி வந்து ஏறினாள். இடுப்பைச் சுற்றி, தோளைச் சுற்றி, கடைசியில் முகத்துக்கு நேரே தலையை நிறுத்தினாள்.

ஓஸ்மரீனா ஓவென்று அழுதாள். "ஏண்டி பாவி, இத்தனை நாள் கழிச்சுக் கண்ணைத் தொறந்து என்னை இந்தக் கோலத்துலயாடி பாக்கணும்? தலையக்கூட வாரலையே!"

"என் குளியல்! என் கைராசி!" என்று டோராலிசி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். பாம்பு படுத்து எழுந்த மூலிகை என்றதும் ஜனம் அந்தக் கூடை மேல் பாய்ந்தது. பிரிந்த காதலனுக்காக ஒருத்தி அந்தச் சாக்கையே கேட்டாள்.

"சாக்கைக் குடுக்காதடி, அது எனக்கு வேணும்" என்றாள் ஓஸ்மரீனா. எட்டிப் பிடுங்கிய அந்தச் சாக்கு சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. குரிட்டிபாக்காரி சொன்னது அத்தனையும் அப்போதுதான் அவள் காதில் வந்து விழுந்தது. உங்க ரூமு என்று அந்தப் பெண் கேட்டாளே! அந்தக் காலை வேளையிலும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

இங்க்ரிட் விசாரிக்க போன் செய்தபோது, "நீங்க சொன்ன மாதிரியே ஈரச் சாக்குல வச்சோம் டாக்டரம்மா" என்று கூசாமல் சொன்னாள். எந்தச் சாக்கு, எங்கே, எப்படி என்பதை அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அன்றே ஏசி நின்றது, ஜன்னல் திறந்தது, பரோனேசா கொல்லைக்குத் திரும்பினாள். ஓஸ்மரீனா கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வெல்வெட் கோட்டு தைத்தாள். சாயங்காலம் வழக்கம்போல வந்து உட்கார்ந்த டோராலிசி ரவிக்கையை உதறிக்கொண்டு, "அதைக் கொஞ்ச நேரம் போடேன்டி, வேர்த்துக் கொட்டுது. அவதான் கொல்லையில இருக்காளே" என்றாள்.

"போட்டா இங்க வந்துடுவா. நான் இருக்குற எடத்துக்குத்தான் வருவா."

"அதுக்காக நீ வேர்வையில நனையணுமா?"

"எனக்கென்ன, நனைஞ்சா வேற சட்டை மாத்திக்குவேன். அவகிட்ட இருக்குறது ஒண்ணே ஒண்ணு" என்றாள் ஓஸ்மரீனா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.